கைநாட்டும் கையெழுத்தும்: சுவிசேஷங்களை எழுதியது யார்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட வாசிப்பு முகாமில் பேசியது. பதிவிலிருந்து எழுதி, பேசியவரே திருத்திக் கொடுத்தது.)



கவிதையைப் பற்றிப் பேசுங்க என்றுதான் முதலில் கூப்பிட்டார்கள். நான்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பைபிளை யார் எழுதினால் நமக்கென்ன, அது இறையியல் கல்லூரிக்காரர்கள் வேலை இல்லையா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். போகாதவர்களும் இருக்கிறார்கள். போகிறவர் 'மத்தேயு சுவிசேஷத்தை மத்தேயு எழுதினார், இதிலென்ன கேள்வி' என்று விட்டுவிடுகிறார். போகாதவர் 'எல்லாம் கட்டுக்கதை' என்று விட்டுவிடுகிறார். ரெண்டு பேருமே படிக்கிறதில்லை.

வேதங்கள் விஷயத்தில் நாம் அப்படி விடவில்லை. வேதம் அபௌருஷேயம், மனுசன் எழுதினதில்லை என்றார்கள். அப்படியானால் எங்கிருந்து வந்தது, நீங்களே ஆளுக்கொரு பதில் சொல்கிறீர்களே என்று அம்பேத்கர் 'இந்து மதத்தின் புதிர்கள்' நூலில் அடுக்கடுக்காகக் கேட்டார். அவர் இறந்து முப்பது வருஷம் கழித்து, 1987இல், மகாராஷ்டிர அரசு அதை அச்சிட்டபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆசிரியரே கிடையாது என்று சொல்லி ஒரு பிரதிக்கு அதிகாரம் வாங்கித் தரலாம். ஆசிரியர் இன்னார்தான், கூடவே இருந்த சீடர்தான் என்று சொல்லியும் அதிகாரம் வாங்கித் தரலாம். முதலாவதைக் கேள்வி கேட்ட நாம் இரண்டாவதைக் கேட்காமல் விட்டால் அது நேர்மையாகாது.

எனக்கு இறையியல் பட்டம் கிடையாது. நான் பேங்க் கிளார்க். காசோலையில் இருக்கிற கையெழுத்தும் மாதிரிக் கையெழுத்து அட்டையில் இருக்கிற கையெழுத்தும் ஒன்றா என்று பார்க்கிறது என் பிழைப்பு. இப்போது அட்டை போய் கம்ப்யூட்டர் திரையில் வருகிறது, வேலை அதேதான். இன்னொரு வேலையும் உண்டு. அது விதியில் இல்லை, ஆனால் தினமும் செய்கிறேன். கைநாட்டு வைக்கிறவர்களுக்குச் சலான் எழுதித் தருவது. ஒரு அம்மா வந்து, 'தம்பி, ரெண்டாயிரம் எடுக்கணும்' என்பார். நான் எழுதுவேன், அவர் பெருவிரலை மையில் தொட்டு வைப்பார், பக்கத்தில் 'இன்னாருடைய இடதுகைப் பெருவிரல் ரேகை' என்று நானே எழுதுவேன். அந்தக் காகிதத்தில் இருக்கிற எழுத்தெல்லாம் என்னுடையது. அவருடையது ஒரு கறுப்பு வட்டம். அந்தச் சலானை எழுதியது யார்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நான் சுவிசேஷத்துக்குப் போனேன்.

முதலில் ஒரு விஷயம். நாலு சுவிசேஷத்திலும், உள்ளே, எழுதினவர் பெயர் கிடையாது. மாற்கு எங்கேயும் 'மாற்காகிய நான்' என்று சொல்லவில்லை. மத்தேயுவில் மத்தேயு படர்க்கையில் வருகிறார், வேறு யாரோ ஒருத்தரைப் பற்றிச் சொல்வது மாதிரி. லூக்கா 'நான்' என்று ஆரம்பிக்கிறார், ஆனால் பெயர் சொல்லவில்லை. தனக்கு முன்னால் அநேகர் எழுதியிருக்கிறார்கள், கண்ணால் கண்டவர்கள் சொன்னதை விசாரித்துத் தானும் வரிசையாக எழுதுகிறேன் என்று தெயோப்பிலு என்ற பெரிய மனிதருக்கு எழுதுகிறார். அதாவது, தான் நேரில் பார்க்கவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். எனக்கு நாலு பேரில் லூக்கா மேல் ஒரு மரியாதை உண்டு என்றால் இதனால்தான். யோவானின் கடைசி அதிகாரத்தில், இவற்றை எழுதின சீடன் இவன்தான், இவன் சாட்சி உண்மை என்று 'நாங்கள்' அறிவோம் என்று வருகிறது. அந்த 'நாங்கள்' யார்? எழுதினவர் தன்னைப் பற்றியே அப்படிச் சொல்லமாட்டாரே. சாட்சிக் கையெழுத்துப் போடுகிற இன்னொரு கை அங்கே இருக்கிறது.

தலைப்புகள் பிறகு வந்தவை. கிரேக்கத்தில் நாலுக்கும் ஒரே அச்சு: 'மத்தேயுவின்படி', 'மாற்குவின்படி'. நாலும் ஒன்றாகப் புழங்கத் தொடங்கியபோது, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்ல வைத்தது போல இருக்கிறது. நம் கைக்குக் கிடைத்த ஏடுகளில் தலைப்போடு இருக்கிற பழையவை கி.பி. 200ஐ ஒட்டியவை. சுமார் 150களில் ஜஸ்டின் என்பவர் ரோமாபுரியில் எழுதும்போது 'அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகள்' என்று பொதுவாகத்தான் சொல்கிறார். சுமார் 180இல் ஐரேனியஸ்தான் நாலு பெயரையும் சேர்த்து அடித்துச் சொல்கிறார். ஏன் நாலு என்பதற்கு அவர் சொல்கிற காரணம், உலகத்துக்கு நாலு திசை, நாலு காற்று. சிரிக்காதீர்கள். அவருக்கு எதிரில் வேறு வேறு சுவிசேஷங்களை வைத்துக்கொண்டு வேறு வேறு குழுக்கள் இருந்தன. கணக்கை நாலில் மூடவேண்டிய அவசரம் அவருக்கு.

அதற்கு முன்னால் ஒரே ஒரு சாட்சி, பப்பியாஸ் என்பவர். அவர் புத்தகமும் தொலைந்துபோய்விட்டது. இரண்டு நூற்றாண்டு கழித்து யூசேபியஸ் தன் சபை வரலாற்றில் எடுத்துப்போட்ட துண்டுதான் மிச்சம். மாற்கு பேதுருவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார், நினைவில் இருந்ததை எழுதினார், ஆனால் வரிசையாக இல்லை என்கிறார். மத்தேயு எபிரெய மொழியில் தொகுத்தார் என்கிறார். நம் கையில் இருக்கிற மத்தேயு எபிரெயத்திலிருந்து மொழிபெயர்த்த நூல் மாதிரி இல்லை. அது கிரேக்க மாற்குவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. மாற்குவில் 661 வசனம், அதில் சுமார் 600 ஏதோ ஒரு வடிவில் மத்தேயுவில் இருக்கிறது. 1838இல் வைஸ், 1863இல் ஹோல்ட்ஸ்மன் என்ற ஜெர்மானியர்கள் இதை நிறுவினார்கள். இன்றைக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் மாற்கு முதலில், கி.பி. 70ஐ ஒட்டி, பிறகு மத்தேயு, லூக்கா, கடைசியில் யோவான் என்றுதான் வைக்கிறார்கள்.

மத்தேயு ஆயத்துறையில் உட்கார்ந்திருக்கும்போது இயேசு கூப்பிடுகிற காட்சி தெரியுமில்லையா? அதுவும் மாற்குவிலிருந்து எடுத்ததுதான். மாற்குவில் அந்த ஆள் பெயர் லேவி. தன் வாழ்க்கையே புரண்ட நாளை எழுதுகிறவன் அங்கே இல்லாத ஒருத்தனைப் பார்த்தா எழுதுவான்? எனக்கு இந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பெயரைப் பொய்யாக வைக்கிறவர்கள் பேதுரு, யாக்கோபு என்று பெரிய பெயராக வைக்காமல் மாற்கு, லூக்கா என்று பன்னிரண்டு பேரில் இல்லாதவர்கள் பெயரை ஏன் வைக்கவேண்டும் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. தலைப்புகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமே வந்திருக்கும் என்று மார்ட்டின் ஹெங்கல் வாதிட்டார். மாற்கு என்ற பெயருள்ள யாரோ ஒருவர் எழுதியே இருக்கலாம். ஆனால் கலிலேயா மீனவர்கள் உட்கார்ந்து கிரேக்கத்தில் எழுதினார்கள் என்பது நிற்கவில்லை. அவர்கள் பேச்சு அரமேயிக். பேதுருவும் யோவானும் எழுத்தறியாதவர்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளே நாலாம் அதிகாரத்தில் சொல்கிறது. ரோமப் பேரரசில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பதினைந்து சதவீதத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள் என்று வில்லியம் ஹாரிஸ் 1989இல் கணக்குப் போட்டார். அதில் கடலோரக் கிராமத்துக்கு எவ்வளவு மிஞ்சும்?

ஆக, இயேசு ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. கூட இருந்தவர்கள் கைநாட்டு. அவர்கள் சொன்னது வாய்வழியாக முப்பது நாற்பது வருஷம் சுற்றி, மொழி மாறி, ஊர் மாறி, படித்தவர்கள் கைக்கு வந்து எழுத்தாகிறது. படித்தவர் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

எங்கள் ஊரில் நடந்தது ஒன்று சொல்கிறேன். எங்கள் தாத்தா காலம். சேரியிலிருந்து கல்லறைக்குப் போகிற பாதையை மறித்து வேலி போட்டுவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் நடந்தே போய், ஒரு அலுவலகத்து வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொன்னார்கள். தாத்தா சொன்னது: 'அது எங்க பாதை. எங்க பாட்டன் காலத்துலேருந்து பொணம் தூக்கிட்டுப் போற பாதை. அடைச்சிட்டாங்க. தொறந்து விடணும்.' மனு எழுதுகிறவர் நல்ல மனுசன்தான், காசுகூடக் குறைத்து வாங்கினாராம். அவருக்குத் தெரிந்த மனு நடையில் எழுதினார். 'ஏழைகளாகிய எங்களுக்குக் கருணை கூர்ந்து பாதை ஒன்று அளித்து உதவும்படி' என்று எழுதினார். கீழே நாற்பத்து மூன்று கைநாட்டு. விசாரணைக்கு வந்தபோது எதிர்த்தரப்பு அந்த மனுவைத்தான் காட்டியது. பாதை அளிக்கும்படி கேட்கிறார்கள், அப்படியானால் இதுவரை பாதை இல்லை என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள் அல்லவா என்றது. தாத்தா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: 'நான் அப்படிச் சொல்லல.'

இந்த அனுபவத்தோடு மத்தேயுவையும் லூக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். லூக்காவில் இயேசு ஏழைகளைப் பார்த்து, நீங்கள் பாக்கியவான்கள் என்கிறார். பசியாயிருக்கிறவர்களைச் சொல்கிறார். அதோடு விடாமல், ஐசுவரியவான்களுக்கு ஐயோ என்கிறார். மத்தேயுவில் அதே பேச்சு, ஆனால் 'ஆவியில்' என்று ஒரு சொல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பசி, நீதியின் மேல் பசியாகிவிடுகிறது. ஐசுவரியவானுக்கு ஐயோ என்பது காணவே காணோம். லூக்காவில் இருப்பதுதான் பழைய வடிவத்துக்குக் கிட்ட என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். மத்தேயுவை எழுதினவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சபையில் கொஞ்சம் வசதியானவர்களும் வந்து சேர்ந்திருப்பார்கள். அவர்களும் கேட்கிற மாதிரி எழுதினார். ஒரே சொல்தான், ஆனால் அந்த ஒரு சொல்லின் வழியாகப் பணக்காரர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள்.

இதைவிட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது தச்சன் கதை. மாற்கு ஆறாம் அதிகாரத்தில் சொந்த ஊர்க்காரர்கள் இயேசுவைப் பார்த்து, இவன் தச்சன் அல்லவா, மரியாளின் மகன் அல்லவா என்று கேட்கிறார்கள். கேலி அது. கையால் வேலை செய்கிறவன், நீ என்ன பேச வந்துவிட்டாய் என்ற கேலி. மத்தேயு இதே இடத்தை எழுதும்போது, தச்சனுடைய 'மகன்' என்று மாற்றுகிறார். உளியும் மரத்தூளும் ஒரு தலைமுறை பின்னால் போய்விட்டது. லூக்காவில் யோசேப்பின் மகன் என்று மட்டும்தான், தொழிலே இல்லை. மாற்குவின் சில பழைய பிரதிகளில் அந்த இடத்தையே தச்சனின் மகன் என்று திருத்தி எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற கிரேக்க அறிவாளி, உங்கள் சாமி ஒரு தச்சன்தானே என்று கிண்டல் பண்ணினார். அதற்கு ஓரிகன் சுமார் 248இல் பதில் எழுதினார். 'ஆமாம், தச்சன்தான், அதனால் என்ன?' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சபைகளில் வழங்குகிற சுவிசேஷங்களில் எங்குமே இயேசு தச்சன் என்று சொல்லப்படவில்லை என்று எழுதினார்! பைபிளைக் கரைத்துக் குடித்தவர் ஓரிகன். உழைக்கிற கை அவ்வளவு அவமானமாக இருந்திருக்கிறது.

(ஒரு தோழர் சிரிக்கிறார். உடனே இயேசுவை நம்ம சாதியாக்கிவிட வேண்டாம். நம்ம ஊர்க் கணக்கில் தச்சர் வேறு, நாம் வேறு. அந்த ஊர்க் கணக்கு வேறு.)

இப்போது நிருபங்களுக்கு வருகிறேன். இங்கே கதை தலைகீழ். சுவிசேஷத்தில் பெயர் இல்லை, நிருபத்தில் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது. பவுல் பெயரில் 13 நிருபம். அதில் ஏழு அவர் எழுதியதே என்பதில் பெரிய சண்டை இல்லை: ரோமர், இரண்டு கொரிந்தியர், கலாத்தியர், பிலிப்பியர், 1 தெசலோனிக்கேயர், பிலேமோன். மீதி ஆறு விவாதத்தில் இருக்கின்றன. அதில் இரண்டு தீமோத்தேயு, தீத்து மூன்றும் பவுல் எழுதியவை அல்ல என்பதில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். 1807இல் ஷ்லையர்மாகர் 1 தீமோத்தேயுவைச் சந்தேகித்தார். 1921இல் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் கிளார்க் வேலை மாதிரியே ஒரு வேலை செய்தார், சொற்களை எண்ணினார். அந்த மூன்று நிருபங்களிலும் ஊர்ப் பெயர் ஆள் பெயர் நீக்கி 848 சொற்கள். அதில் 306 சொற்கள் பவுல் பெயரில் உள்ள மற்றப் பத்து நிருபங்களில் எங்குமே கிடையாது. மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தவில்லை.

எழுதின குமாஸ்தா வேறு ஆளாக இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். என் கவுண்டரில் சலானை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம், அதனால் செல்லாது என்று நான் சொல்வதில்லை. ஆனால் இங்கே வேறுபடுவது நடை மட்டும் இல்லை. சபையே வேறாக இருக்கிறது. கண்காணிக்கு என்ன தகுதி, எந்த விதவையைப் பட்டியலில் சேர்ப்பது, எந்த வயது, பெண்கள் எப்படி அடங்கியிருக்க வேண்டும் என்று ஒரு நிர்வாகம் வந்து உட்கார்ந்துவிட்டது. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பவுல் பெண்களை வரிசையாகப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். பெபேயாள் சபையின் ஊழியக்காரி, அவள் கையில்தான் அந்த நிருபமே போயிருக்கும் என்கிறார்கள். யூனியா அப்போஸ்தலருக்குள்ளேயே பெயர்பெற்றவள். அந்த யூனியாவை என்ன செய்தார்கள் தெரியுமா? நாலாம் நூற்றாண்டுக் கிறிசோஸ்டம், பெண்களைப் பற்றி அவ்வளவு நல்லதாகப் பேசாதவர், அவரே இவளைப் பெண் என்று பாராட்டியிருக்கிறார். 1927இல் நெஸ்லே பதிப்பித்த கிரேக்க மூலத்தில் ஒரு அசைக்குறியை மாற்றிப்போட்டு 'யூனியாஸ்' என்று ஆணாக்கிவிட்டார்கள். 1998இல்தான் அந்தப் பதிப்பில் திரும்பப் பெண்ணானாள். எழுபது வருஷம்!

அந்தக் காலத்தில் பெரியவர் பெயரில் எழுதுவது சகஜம், அதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை என்று ஒரு சமாதானம் உண்டு. இது உண்மையில்லை. சுமார் 200இல் தெர்த்துல்லியன் ஒன்று எழுதியிருக்கிறார். ஆசியா மாகாணத்து மூப்பர் ஒருவர் பவுலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தெக்லாள் என்ற பெண் பவுலின் சீடராகி, போதித்து, தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்கிற கதை அது. எழுதினது தெரிந்துபோயிற்று. பவுல் மேல் இருந்த பிரியத்தால் எழுதினேன் என்றாராம். பதவி போயிற்று. இந்தக் கதையைக் காட்டிப் பெண்கள் தங்களுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கிற உரிமை கேட்கிறார்களே என்பதுதான் தெர்த்துல்லியனின் வயிற்றெரிச்சல். ஆக, பெண் போதிக்கலாம் என்று எழுதினவர் பிடிபட்டார். பெண் போதிக்கக்கூடாது என்று பவுல் பெயரில் எழுதினவர் பிடிபடவில்லை. அது 1 தீமோத்தேயு, இன்றைக்கும் பிரசங்க பீடத்தில் இருக்கிறது.

அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற கட்டளை எந்தெந்த நிருபத்தில் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எபேசியர், கொலோசெயர், 1 தீமோத்தேயு, தீத்து. பிறகு 1 பேதுரு. அத்தனையும் விவாதத்தில் இருக்கிற நிருபங்கள். சந்தேகமில்லாத ஏழில் ஒன்றில்கூட அந்தக் கட்டளை அந்த வடிவில் இல்லை. 1 பேதுருவில் கொடுமைக்காரனான எஜமானுக்கும் கீழ்ப்படியச் சொல்கிறது. எழுத்தறியாத மீனவர் பெயரில், தேர்ந்த கிரேக்கத்தில்.

இதைப் படித்த அன்றைக்கு நான் குதித்தேன். பவுல் தப்பித்தார், அவர் பெயரில் வேறு எவனோ எழுதியிருக்கிறான் என்று. ரெண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, நான் செய்வதும் மோசடிதான் என்று. பிடித்ததெல்லாம் அசல், பிடிக்காததெல்லாம் போலி என்றால் அது ஆராய்ச்சி இல்லை. அசல் பவுலும் அடிமை முறையை ஒழி என்று எங்கும் சொல்லவில்லை. அழைக்கப்பட்டபோது இருந்த நிலையிலேயே இரு என்று 1 கொரிந்தியர் ஏழில் சொல்கிறார். விடுதலை கிடைத்தால் ஏற்றுக்கொள் என்கிறாரா, கிடைத்தாலும் அடிமையாகவே இரு என்கிறாரா என்று அந்த வாக்கியம் கிரேக்கத்திலேயே குழப்பமாக இருக்கிறது. அவரை முழுசாகக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. காப்பாற்றுவது என் வேலையும் இல்லை.

தமிழில் இன்னொரு கை விளையாடியிருக்கிறது. கிரேக்கத்தில் எபேசியரிலும் கொலோசெயரிலும் இருக்கிற சொல் அடிமை. நம் வீடுகளில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பில் அது 'வேலைக்காரரே' என்று இருக்கிறது. ஆங்கில ஜேம்ஸ் அரசர் பதிப்பும் அப்படித்தான், அதனால் தமிழ்க்காரர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். அடிமையே என்று கூப்பிட்டிருந்தால், அது அந்தக் காலத்து ரோமாபுரிக் கதை என்று விட்டிருக்கலாம். வேலைக்காரரே என்றதும், பண்ணையில் படியாளாக இருந்தவர் கோயிலில் கடைசி வரிசையில் தலை நிமிர்ந்து பார்த்திருப்பார், நம்மைத்தான் சொல்றாங்க என்று. பவுல் தன்னைக் கிறிஸ்துவின் அடிமை என்று சொல்லிக்கொள்கிற இடத்தில் அதே சொல் 'ஊழியக்காரன்' ஆகிவிடுகிறது. தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததிலிருந்து எத்தனையோ பண்டிதர் கைகள் இதில் பட்டிருக்கின்றன. பெரும்பாலான பெயர்கள் அட்டையில் இல்லை.

ஹோவர்ட் தர்மன் என்று ஒரு கறுப்பின இறையியலாளர். மார்ட்டின் லூதர் கிங்குக்கு முந்திய தலைமுறை. 1935இல் கொழும்பு சட்டக் கல்லூரியில் பேசப் போனபோது, உங்கள் முன்னோரை அடிமையாக்கினவர்கள் கிறிஸ்தவர்கள், நீ எப்படி அந்த மதத்துக்காக இங்கே வந்து நிற்கிறாய் என்று நேருக்கு நேர் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் 1949இல் வந்த அவர் புத்தகம் தொடங்குகிறது. 'இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டவர்களும்' என்று தலைப்பைச் சொல்லலாம். அதில் அவர் ஆயாவைப் பற்றி எழுதுகிறார். புளோரிடாவில் அடிமையாகப் பிறந்தவர் அந்த ஆயா. எழுதப் படிக்கத் தெரியாது. பேரனை பைபிள் படிக்கச் சொல்லிக் கேட்பார். சங்கீதம் கேட்பார், ஏசாயா கேட்பார், சுவிசேஷம் திரும்பத் திரும்பக் கேட்பார். பவுலின் நிருபங்களை மட்டும் படிக்க விடமாட்டார். எப்போதாவது 1 கொரிந்தியர் 13 மட்டும், அன்பைப் பற்றியது. பெரியவனான பிறகு ஒருநாள் தைரியம் வந்து ஏன் என்று கேட்கிறார் பேரன். ஆயா சொல்கிறார்: அடிமைக் காலத்தில் எஜமானுடைய பாதிரி வந்து பிரசங்கம் பண்ணும்போதெல்லாம் இந்த வசனத்தைத்தான் எடுப்பான், எஜமானுக்குக் கீழ்ப்படி என்று. விடுதலை வந்து, நானும் படிக்கக் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியைப் படிக்கவே மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன் என்று.

அந்த ஆயா ஷ்லையர்மாகரைப் படிக்கவில்லை. எது அசல், எது போலி என்ற விசாரணை அவருக்குத் தேவைப்படவில்லை. யார் எழுதினார்கள் என்று கேட்காமல், யார் வாசிக்கிறான், யாரைப் பார்த்து வாசிக்கிறான் என்று கேட்டார். நம்மால் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. 'அப்போஸ்தலர் பவுல் சொல்கிறார்' என்று பீடத்திலிருந்து வந்தால் நம் பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த இடத்தில், அது பவுல் சொன்னதில்லை அம்மா என்று சொல்லவாவது இந்த ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் விசுவாசம் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். பழைய சபைப் பிதாக்களே சொல்லியிருக்கிறார்கள். எபிரெயருக்கு எழுதின நிருபத்தை யார் எழுதினதென்று கடவுளுக்குத்தான் தெரியும் என்றவர் ஓரிகன். 1900இல் ஹார்னாக், அதை எழுதினது பிரிஸ்கில்லாள் என்ற பெண்ணாக இருக்கலாம், அதனால்தான் பெயர் போயிற்று என்றார். நிரூபிக்க முடியாத ஊகம், ஆனால் எனக்குப் பிடித்த ஊகம். வெளிப்படுத்தின விசேஷமும் யோவான் சுவிசேஷமும் ஒரே கை இல்லை என்று மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா தியோனீசியஸ் நடையை வைத்தே சொன்னார். 2 பேதுருவைப் பற்றிச் சந்தேகம் இருப்பதை யூசேபியஸ் பதிவு செய்தார். இப்போதுள்ள 27 புத்தகப் பட்டியல் அத்தனாசியஸ் எழுதிய கடிதத்தில் 367இல்தான் முதன்முதலில் அப்படியே வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1907இலிருந்து 1912 வரைக்கும், நாலு சுவிசேஷத்தையும் அந்தந்தப் பெயருள்ளவரே எழுதினார் என்று ஆணை போட்டது. எதிர்த்த லுவாசி 1908இல் சபைக்கு வெளியே தள்ளப்பட்டார். 1943இல் போப்பே கதவைத் திறந்துவிட்டார். இன்றைக்கு இந்த விஷயங்கள் எல்லாம் பெரிய குருமடங்களில் பாடம். அங்கே படித்துவிட்டு வருகிறவர்கள் நம் தெருவுக்கு வந்தால் மட்டும் ஏன் சொல்வதில்லை? நமக்குப் புரியாது என்று நினைக்கிறார்களா? கைநாட்டுக்கெல்லாம் எதுக்கு என்றா?

ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ரோமர் நிருபம், கிறிஸ்தவ உலகத்தையே புரட்டிப்போட்ட நிருபம். லூதர் அதைப் படித்துத்தான் மாறினார் என்பார்கள். அதன் கடைசி அதிகாரத்தில், வாழ்த்துச் சொல்லிக்கொண்டே வருகிற இடத்தில், திடீரென்று ஒரு குரல்: இந்த நிருபத்தை எழுதினது நான், தெர்தியு, நானும் உங்களை வாழ்த்துகிறேன் என்று. அப்படியானால் அதுவரை 'நான் நான்' என்று வந்ததெல்லாம் பவுல் சொல்ல இவர் கை எழுதியது. தெர்தியு என்றால் லத்தீனில் மூன்றாமவன். அடுத்த வசனத்தில் குவர்த்து என்று ஒருத்தர், நாலாமவன். பெயர் வைக்கக்கூட மெனக்கெடாமல் எண் போட்டுக் கூப்பிடுகிற பெயர்கள், அடிமைகளுக்கு நிறைய இருந்த பெயர்கள். அந்தக் காலத்தில் எழுத்துவேலையில் பெரும்பகுதியை அடிமைகள்தான் செய்தார்கள். புதிய ஏற்பாடு உருவானதில் அந்தக் கைகளின் பங்கு என்ன என்று கேன்டிடா மாஸ் 2024இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். தெர்தியு அடிமைதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு நீளக் கடிதத்தில் அவர் தனக்கென்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டார். பவுல் அதை அடிக்கச் சொல்லவில்லை. சலான் எழுதுகிறவன் என்பதால் எனக்கு அந்த வாக்கியம் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும்.

தங்கை ஒருத்தி ஆரம்பத்திலேயே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'அப்படியானால் நாங்கள் பைபிளைப் படிக்கவா, வேண்டாமா?' படியுங்கள் அம்மா. நான் இப்பவும் படிக்கிறேன். மாற்குவை ஒரே உட்காரலில் படித்துப் பாருங்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 16ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இருப்பது மிகப் பழைய இரண்டு பெரிய ஏடுகளில் கிடையாது. கல்லறைக்குப் போன பெண்கள் பயந்துபோய் ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடுகிறார்கள், அதோடு சரி.

அடுத்த கூட்டத்துக்குப் பிலேமோன் எடுத்துக்கொள்வோம். 25 வசனம்தான். ஒநேசிமு என்ற அடிமையைப் பற்றி அவன் எஜமானுக்குப் பவுல் எழுதினது. அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் நான் கொடுத்துத் தீர்க்கிறேன் என்று தன் கையாலேயே எழுதித் தருகிறார். பேங்க் பாஷையில் அது புரோநோட்டு. ஆனால் அவனை விடுதலை பண்ணு என்று நேராக எழுதியிருக்கிறாரா இல்லையா என்று ஆளுக்கு ஆள் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள், சண்டை போடலாம். ஒநேசிமு என்ன சொன்னான் என்பது அதில் ஒரு வரிகூட இல்லை. ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன், வெளியே மேசையில் இருக்கிறது. முப்பது பிரதிதான், ரெண்டு பேருக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.